துளை வழியே அதிகக் காற்றை அனுப்பினால் படலக் குளிர்விப்பு குறைவது ஏன்?

கொழிஞ்சாம்பாறை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கோவை எல்லைக்கு அருகில் உள்ள ஒரு கல்லூரியில் வெப்பப் பொறியியலில் முதுகலை படித்து வருகிறேன். எங்கள் ஆய்வகத்தில் பேச்சு மலையாளத்திலும் பாடம் ஆங்கிலத்திலும் நடக்கின்றன. வீட்டில் தமிழ் பேசி வளர்ந்த எனக்கு, இந்த ஐயத்தைத் தமிழிலேயே முழுமையாகக் கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது.

என் ஆய்வு கேஸ் டர்பைன் பிளேடுகளின் படலக் குளிர்விப்பைப் பற்றியது. பிளேடின் உட்புறம் வரும் குளிர்காற்றைச் சிறு துளைகளின் வழியே வெளியே விட்டால், அது மேற்பரப்பின் மீது மெல்லிய படலமாகப் பரவி, எரிந்து வரும் வாயு உலோகத்தைத் தொடாமல் தடுக்கிறது. இதைச் சோதிக்க, குறைவேகக் காற்றுச் சுரங்கத்தில் ஓர் அக்ரிலிக் தட்டை வைத்திருக்கிறேன். தட்டில் 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளைத் துளைகள் ஒரே வரிசையில், மேற்பரப்புக்கு 35 டிகிரி சாய்வில், மூன்று விட்ட இடைவெளியில் உள்ளன. பிரதான ஓட்டம் 60 டிகிரி செல்சியஸில் நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் செல்கிறது. துளைகளில் வருவது 28 டிகிரியில் உள்ள அறைக் காற்று.

வீச்சு விகிதத்தை, அதாவது துளைக் காற்றின் அடர்த்தியையும் வேகத்தையும் பெருக்கி, அதைப் பிரதான ஓட்டத்தின் அதே பெருக்கற்பலனால் வகுத்துக் கிடைக்கும் எண்ணை, 0.5 என்று வைத்தபோது துளைக்கு ஐந்து விட்டத் தொலைவில் நடுக்கோட்டில் குளிர்விப்புத் திறம் (சுவர் சூடான ஓட்டத்தின் வெப்பநிலையிலேயே இருந்தால் 0, குளிர்காற்றின் வெப்பநிலைக்கே இறங்கினால் 1) ஏறத்தாழ 0.38 என வந்தது. அதே விகிதத்தை 1.0 ஆக உயர்த்தினால், இரு மடங்கு குளிர்காற்று வெளிவந்தும், திறம் 0.15 ஆக இறங்கிவிடுகிறது. அங்கிருந்து கீழ்நோக்கிச் செல்லச் செல்ல அது சற்றே உயர்வதும் எனக்குப் புதிராக இருக்கிறது. எஞ்சின்களில் 1.0-க்கும் மேற்பட்ட வீச்சு விகிதங்கள் வழக்கத்தில் இருப்பதாகப் படித்திருக்கிறேன். 0.5-க்கு மேல் போனால் கெடுதல் என்றால், அங்கே மட்டும் அது எப்படிப் பயன்படுகிறது? என் அளவீட்டை நம்பலாமா என்பதையும் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நகரி எழுதியது:

தம்பி, உங்கள் அளவீட்டில் தெரியும் போக்கு சரியானது, தயங்க வேண்டாம். நானும் சித்தூர் மாவட்டத்து எல்லையில் இருந்துகொண்டு இதே துறையில் ஆராய்ச்சி செய்கிறேன் என்பதால், உங்கள் கேள்வியைச் சற்று விரிவாகவே எடுத்துக்கொள்கிறேன்.

படலக் குளிர்விப்பில் உலோகத்தைக் காப்பது வெளியே வந்த காற்றின் அளவன்று, வந்த காற்று சுவரை ஒட்டி நின்ற தூரமே. துளையிலிருந்து சாய்வாகப் புறப்படும் தாரைக்கு, சுவரை விட்டு விலகிச் செல்லும் திசையிலும் ஓர் உந்தம் இருக்கிறது. பிரதான ஓட்டம் அதை வளைத்துச் சுவரின் மீது படுக்க வைக்க வேண்டும். எனவே இங்கே பார்க்க வேண்டிய எண் உந்த விகிதம். வீச்சு விகிதத்தின் வர்க்கத்தை அடர்த்தி விகிதத்தால், அதாவது துளைக் காற்றின் அடர்த்தியைப் பிரதான ஓட்டத்தின் அடர்த்தியால் வகுத்து வரும் எண்ணால், வகுத்தால் அது கிடைக்கும். பாலக்காட்டுக் கணவாயில் ஆடிக் காற்று வீசும் நாளில் அரிசி ஆலைப் புகைபோக்கியைப் பார்த்திருப்பீர்கள்: காற்று பலமாக இருந்தால் புகை வாயிலேயே மடங்கிப் படுத்துவிடும், காற்று தளர்ந்தால் எழும்பிப் பிறகுதான் சாயும். ஆலையில் அதிகம் எரித்துப் புகையின் வேகத்தைக் கூட்டினாலும் அதே எழும்பல்தான் நிகழும்.

தட்டையான பரப்பில் உருளைத் துளைகளை வைத்துச் செய்த ஆய்வுகளின்படி, உந்த விகிதம் ஏறத்தாழ 0.4-க்குக் கீழ் இருக்கும்வரை தாரை சுவரை ஒட்டியே செல்கிறது, 0.4 முதல் 0.8 வரை எழும்பிவிட்டுச் சற்றுத் தொலைவில் மறுபடி வந்து ஒட்டுகிறது, 0.8-ஐத் தாண்டினால் முற்றிலும் விலகிவிடுகிறது. உங்கள் வெப்பநிலைகளைக் கெல்வினுக்கு மாற்றினால் 333-ஐ 301-ஆல் வகுக்க வேண்டும், ஆகவே அடர்த்தி விகிதம் 1.1 மட்டுமே. வீச்சு விகிதம் 0.5 என்றால் உந்த விகிதம் 0.23, 1.0 என்றால் 0.9. இரண்டு சோதனைகளும் எல்லையின் இரு பக்கங்களில் விழுவதை நீங்களே பார்க்கலாம்.

விலகிய தாரையின் கீழே இன்னொன்றும் நடக்கிறது. தாரையின் இரு பக்கங்களிலும் எதிரெதிர்த் திசையில் சுற்றும் ஒரு சுழல் இணை உருவாகிறது. நடுவில் இரண்டும் மேல்நோக்கிச் சுற்றுவதால், பக்கங்களில் உள்ள சூடான வாயுவை அவை தாரைக்கு அடியில் இழுத்து வந்து சுவரின் மீது சேர்க்கின்றன. அதாவது தாரை தானும் காப்பதில்லை, காக்க வேண்டிய இடத்துக்குச் சூட்டையும் அழைத்து வருகிறது. கீழ்நோக்கிச் செல்லும்போது திறம் சற்றே உயர்வதாக நீங்கள் கண்டதற்குக் காரணம், தாரை கலந்து கலந்து விரிந்து, பக்கத்துத் தாரைகளோடு சேர்ந்து, அதன் ஒரு பகுதி மறுபடியும் சுவரை எட்டுவதுதான். அதற்குள் அது மிகவும் நீர்த்துப் போயிருக்கும்.

எஞ்சினைப் பற்றிய கேள்விக்குப் பதில் அடர்த்தியில் இருக்கிறது. அங்கே வாயு 1,800 கெல்வின், குளிர்காற்று 900 கெல்வின் என்று கொண்டால் அடர்த்தி விகிதம் 2.0 ஆகிறது. அப்போது வீச்சு விகிதம் 1.0 என்றாலும் உந்த விகிதம் 0.5-தான். உங்கள் தட்டில் முழுவதுமாக விலகிய தாரை, அதே வீச்சு விகிதத்தில் அங்கே வெகுவாகப் பணிந்துவிடும். ஆகவே ஆய்வகத்தையும் எஞ்சினையும் வீச்சு விகிதத்தை மட்டும் வைத்து ஒப்பிடுவது தவறான முடிவுக்குக் கொண்டுபோகும். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் கோல்ட்ஸ்டீனும் எக்கர்ட்டும் அவர்களது குழுவினரும் 1974-லேயே துளையின் வடிவத்தையும் அடர்த்தியையும் சேர்த்தே ஆராய்ந்தார்கள் என்பதை நினைவில் வையுங்கள். இரண்டும் ஒரே பிரச்சினையின் இரு முனைகள்.

புளியரை எழுதியது:

தம்பி கேட்டதற்கு நகரி அம்மையார் இயற்பியலை ஐயமறச் சொல்லிவிட்டார். நான் கேரளத்தில் ஒரு கூட்டுச்சுழற்சி மின்நிலையத்தில் டர்பைன் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது செங்கோட்டைக்கு மேற்கே எல்லையோரத்தில் இருக்கிறேன். பிளேடைக் கையில் எடுத்துப் பார்த்தவன் என்ற முறையில் சில விஷயங்களைச் சேர்க்கிறேன்.

துளை துளையாக வீச்சு விகிதத்தைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் வடிவமைப்பாளருக்கு அவ்வளவாக இல்லை என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். ஒரே உள்ளறையிலிருந்து பல வரிசைத் துளைகளுக்குக் காற்று போகிறது. உள்ளே அழுத்தம் கிட்டத்தட்ட ஒன்று, ஆனால் வெளியே ஒவ்வோர் இடத்திலும் அழுத்தம் வேறு. பிளேடின் குவிந்த பக்கத்தில் வாயு வேகமெடுத்து அழுத்தம் தாழ்ந்திருப்பதால் அங்கே தாரை வேகமாகப் பாய்கிறது. முன்விளிம்பிலோ வாயு நேரே வந்து மோதி நிற்கிறது. அங்கே வெளி அழுத்தம் உள் அழுத்தத்தை நெருங்கிவிடுகிறது. முதல் வரிசையில் சுழலாமல் நிற்கும் நிலைப் பிளேடுக்குப் போகும் காற்று கம்ப்ரஸரின் வெளிவாயிலிலிருந்து எரியறையைச் சுற்றிக்கொண்டு வருகிறது. எரியறையில் வாயு இழக்கும் சில சதவீத அழுத்தம்தான் அதைத் துளை வழியே தள்ளும் முழுப் பலம். அந்தச் சிறு இடைவெளியும் போய்விட்டால் சூடான வாயு துளைக்குள் நுழைந்து பிளேடின் உட்புறத்தையே எரித்துவிடும். அப்படி எரிந்த முன்விளிம்பைப் பார்த்தவர்கள், உள் அழுத்தத்தைத் தாராளமாக வைக்க வேண்டும் என்று வடிவமைப்பாளர் ஏன் பிடிவாதம் பிடிக்கிறார் என்பதைப் புரிந்துகொள்வார்கள். அந்தத் தாராளத்தின் விளைவாகவே வேறு வரிசைகளில் வீச்சு விகிதம் நாம் விரும்புவதைவிடக் கூடிவிடுகிறது.

இதற்குக் கண்ட வழிதான் விரிவாய்த் துளை. துளை உட்பக்கம் உருளையாகவே இருக்கும், வாய்ப்பகுதி மட்டும் பக்கவாட்டிலும் முன்னோக்கியும் விரியும். மூன்று பக்கமும் 7 டிகிரி விரியும் ஒரு வடிவத்தை இப்போது உலகெங்கும் பல ஆய்வகங்கள் பொது அளவுகோலாக வைத்திருக்கின்றன. அதில் வாயின் பரப்பு உட்துளையைப் போல 2.5 மடங்கு. காற்று வாயை நிறைத்து வெளிவந்தால் வேகம் 2.5-இல் ஒரு பங்காகவும், உந்தம் 6-இல் ஒரு பங்காகவும் தணிந்துவிடும். அதே அளவு காற்று, ஆனால் எழும்புவதில்லை, அகலமாகவும் பரவுகிறது. வீச்சு விகிதம் 1.0-ஐத் தாண்டியும் எஞ்சின்களில் பயன் கிடைப்பதற்கு, அடர்த்திக்கு அடுத்த காரணம் இது.

எல்லா டர்பைனிலும் எல்லாப் பிளேடிலும் படலத் துளை இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். 1,120 டிகிரி செல்சியஸ் அளவில் எரியும் பழைய வகைப் பெரிய இயந்திரங்களில், நாங்கள் நாசில் என்று சொல்லும், சுழலாத முதல் வரிசைப் பிளேடில்தான் படலத் துளைகள் உண்டு. பக்கெட் எனப்படும் சுழலும் பிளேடில் அடியிலிருந்து நுனிவரை நேராகச் செல்லும் துளைகள் மட்டும் இருக்கும். காற்று உள்ளே ஓடி நுனியில் வெளியேறிவிடும். அடுத்த தலைமுறை இயந்திரங்களில் எரி வெப்பநிலை இதைவிட வெகுவாக உயர்ந்த பிறகுதான் சுழலும் பிளேடுக்கும் படலம் தேவைப்பட்டது. பிளேடு செய்யப் பயன்படும் நிக்கல் மீக்கலவைகள் 1,300 டிகிரியை ஒட்டியே உருகத் தொடங்கும் என்பதையும், உருகும் முன்பே வலிமையை இழந்துவிடும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இதன் அவசியம் தெரியும்.

காற்றுக்கும் விலை உண்டு. உள்ளே வரும் காற்றில் ஐந்தில் ஒரு பங்குவரை குளிர்விப்புக்கே போகக்கூடும். வேலை செய்து அழுத்திய காற்று அது, எரியறைக்குப் போகாமல் போனால் அவ்வளவும் இழப்பு. மறுபக்கம், உலோகத்தின் வெப்பநிலையைக் கணிப்பதில் 30 டிகிரி தவறினாலே பிளேடின் ஆயுள் பாதியாகிவிடலாம் என்பது இத்துறையில் பலரும் சொல்லும் கணக்கு. இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றுதான் துளைகள் இடப்படுகின்றன.

பராமரிப்பில் எங்களுக்குக் கவலை தந்தது அடைப்பு. எஞ்சினில் துளையின் விட்டம் அரை மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். தூசி உருகிப் படிவதாலும், பழுதுபார்க்கும்போது பூசும் வெப்பத்தடுப்புப் பூச்சு வாய்க்குள் இறங்குவதாலும் அது சுருங்குகிறது. இயந்திரத்துக்குள் நுழைத்துப் பார்க்கும் கருவியான போரோஸ்கோப்பில் பார்க்கும்போது ஒரு வரிசையில் ஒரே ஒரு துளைக்குக் கீழே மட்டும் பூச்சு நிறம் மாறியிருந்தால் அந்தத் துளை காற்று விடவில்லை என்று கொள்வோம். இயற்கை வாயுவில் ஓடும் பெரிய இயந்திரங்களுக்கு 24,000 மணிநேரத்துக்கு ஒருமுறை ஹாட் காஸ் பாத்தை, அதாவது சூடான வாயு செல்லும் பகுதியை, திறந்து பார்ப்பது அடிப்படைக் கணக்கு. திரவ எரிபொருளில் ஓடினால் அந்த இடைவெளி குறையும். தம்பி, உங்கள் சோதனையில் இயலுமானால் ஒரு துளையின் வாயில் பாதியை மெழுகால் அடைத்தும் ஒருமுறை அளந்து பாருங்கள். மின்நிலையங்களில் இருப்பவர்களுக்கு அந்த எண்ணால் உண்மையான பயன் உண்டு.

கொழிஞ்சாம்பாறை எழுதியது:

நகரி அக்காவுக்கும் புளியரை ஐயாவுக்கும் மனமார்ந்த நன்றி. உந்த விகிதத்தை வைத்து என் வரைபடத்தை மறுபடி வரைந்தேன். இறக்கம் தொடங்கும் இடம் நீங்கள் சொன்ன 0.4-க்கு அருகிலேயே வருகிறது. அரை அடைப்புச் சோதனையை என் வழிகாட்டியிடம் சொல்லியிருக்கிறேன், அவரும் ஆர்வமாக இருக்கிறார்.

இரண்டு ஐயங்கள் எஞ்சியுள்ளன. துளை வரிசைக்கு முன்னால், படலமே இல்லாத இடத்தில் பதித்த வெப்பமின்னிரட்டையும் (வெப்பநிலை அளக்கும் கம்பி இணை) 0.06 என்ற திறத்தைக் காட்டுகிறது. அங்கே சுழியம்தானே வர வேண்டும்? அடுத்து, கல்லூரியில் கிடைக்கும் சிறு நிதியில் ஒன்றைத்தான் செய்ய முடியும். விரிவாய்த் துளைத் தட்டைச் செய்விப்பதா, அடர்த்தி விகிதத்தை மாற்றுவதா?

மார்த்தாண்டம் எழுதியது:

கணினிக் கணிப்பையும் சேர்த்துச் செய்ய எண்ணினால் ஒரு குறிப்பு மட்டும் சொல்கிறேன். ஓட்டத்தின் சராசரியை மட்டும் கணக்கிடும் வழக்கமான கொந்தளிப்பு மாதிரிகள் தாரையின் பக்கவாட்டுப் பரவலைக் குறைத்தே காட்டும். அதனால் நடுக்கோட்டில் திறம் உண்மையைவிடக் கூடுதலாகவும், இரு துளைகளுக்கு நடுவே குறைவாகவும் வரும். பக்கவாட்டில் எடுத்த சராசரி மட்டும் அளவீட்டோடு பொருந்திவிட்டால் மகிழ்ந்துவிடாமல், குறுக்குவாட்டுப் பரவலையும் ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் தட்டில் நடுக்கோட்டுக்கும் துளைகளின் இடைவெளிக்கும் தனித்தனியே வெப்பமின்னிரட்டைகள் இருந்தால் அது எளிது.

நகரி எழுதியது:

தம்பி, அந்த 0.06 தட்டின் ஊடாக நடக்கும் வெப்பக் கடத்தல். நாம் திறம் என்று வரையறுப்பது, வெப்பமே கடத்தாத ஒரு சுவர் என்ன வெப்பநிலையை அடையும் என்பதை வைத்துத்தான். அக்ரிலிக் நல்ல காப்பான் என்றாலும் முழுக் காப்பான் அன்று. தட்டுக்கு அடியில் 28 டிகிரிக் காற்று நிறைந்திருக்கிறது, துளைகளின் உட்சுவரையும் அது குளிர்விக்கிறது, ஆகவே மேற்பரப்பு படலம் இல்லாமலேயே சற்றுக் குளிர்கிறது. துளை வாய்களை மெல்லிய நாடாவால் ஒட்டி மூடிவிட்டு, அடியறையில் குளிர்காற்றை வழக்கம்போல் ஓடவிட்டு, ஒவ்வொரு வெப்பமின்னிரட்டையின் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தந்த இடத்தின் திறத்திலிருந்து இந்த எண்ணைக் கழித்து, ஒன்றிலிருந்து இதே எண்ணைக் கழித்து வருவதால் வகுத்தால் திருத்திய திறம் கிடைக்கும். எல்லா இடத்திலும் 0.06 என்றே வைத்துக்கொண்டால் உங்கள் 0.38 என்பது 0.34 ஆகும், 0.15 என்பது 0.10 ஆகும். தாழ்ந்த திறத்தில்தான் திருத்தம் பெரிதாகத் தெரிகிறது, அதனால் இதைச் செய்யாமல் ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டாம். பின்னாளில் வசதி கிடைத்தால் தட்டைப் பாலியூரித்தேன் நுரையில் செய்யலாம்.

அந்த 0.10 என்ற எண் என்ன பொருள் தருகிறது என்பதையும் பாருங்கள். தாரை கிளப்பும் கொந்தளிப்பால் வெப்பமாற்றக் கெழுவும், அதாவது வாயுவிலிருந்து சுவருக்கு வெப்பம் எவ்வளவு எளிதில் கடக்கிறது என்பதன் அளவும், உயர்கிறது. அது 1.2 மடங்கு ஆகிறது என்றும், உள்குளிர்விப்பையும் சேர்த்த மொத்தத் திறம் எஞ்சினில் 0.6 என்றும் எடுத்துக்கொள்வோம். 0.10-ஐ 0.6-ஆல் வகுத்து ஒன்றிலிருந்து கழித்தால் 0.83, அதை 1.2-ஆல் பெருக்கினால் 1.0. படலமே இல்லாதபோது உலோகத்துக்குள் போகும் வெப்பம் எவ்வளவோ, அதே அளவு வெப்பம் படலம் இருந்தும் போகிறது. கம்ப்ரஸரில் அழுத்திய காற்று முழுவதும் வீண். கெழு இன்னும் சிறிது கூடினால் துளையே இல்லாமல் இருந்திருக்கலாம் என்ற நிலை வந்துவிடும். மாறாக 0.34 திறமும் 1.05 மடங்கு கெழுவும் என்றால் உலோகத்துக்குப் போகும் வெப்பம் பாதிக்கும் கீழே இறங்குகிறது. எனவே உங்கள் ஆய்வேட்டில் திறத்தோடு கெழுவையும் அளக்க முடிந்தால் மிகவும் நல்லது; முடியாவிட்டால் இந்தக் கணக்கையாவது எழுதுங்கள்.

நிதியைப் பொறுத்தவரை, அடர்த்தியை மாற்றும் சோதனையையே நான் பரிந்துரைக்கிறேன். விரிவாய்த் துளையைப் பற்றி ஏராளமான தரவு வெளிவந்துள்ளது, அதைத் துல்லியமாக வெட்டுவதும் எளிதன்று. அடர்த்திச் சோதனைக்கு உங்கள் இதே தட்டும் கார்பன் டை ஆக்சைடு உருளைகளும் போதும். அந்த வாயுவின் மூலக்கூறு எடை காற்றைவிட 1.52 மடங்கு, ஆகவே உங்கள் வெப்பநிலைகளில் அடர்த்தி விகிதம் 1.68 ஆகும். வீச்சு விகிதம் 0.8 என்ற ஒரே புள்ளியில் காற்றுக்கு உந்த விகிதம் 0.58, கார்பன் டை ஆக்சைடுக்கு 0.38, ஒன்று எழும்பும், மற்றது ஒட்டும். அடுத்து, கார்பன் டை ஆக்சைடின் வீச்சு விகிதத்தை 0.99 ஆக்கினால் அதன் உந்த விகிதமும் 0.58 ஆகிவிடும். படலம் ஒட்டியிருக்கும் வரை தரவுகள் வீச்சு விகிதத்தின்படி ஒன்றுசேர்வதையும், எழும்பத் தொடங்கியபின் உந்த விகிதத்தின்படி ஒன்றுசேர்வதையும் இந்த மூன்று புள்ளிகளைச் சுற்றியே உங்களால் காட்ட முடியும். அந்த வாயுவின் வெப்ப ஏற்பு காற்றைவிடக் குறைவு என்பதால் சிறு வேறுபாடு இருக்கும், அதைக் குறிப்பிட்டுவிடுங்கள்.

ஒரு கண்டிப்பான வேண்டுகோள். கார்பன் டை ஆக்சைடு காற்றைவிடக் கனமானது, மூடிய அறையில் தரையோடு தேங்கும், மூச்சை அடைக்கும். சுரங்கத்தின் வெளிவாயிலைக் குழாய் வைத்துக் கட்டிடத்துக்கு வெளியே விடுங்கள், சன்னல்களைத் திறந்து வையுங்கள், தனியாக இருந்து சோதனை செய்யாதீர்கள். உருளையிலிருந்து வேகமாக எடுத்தால் வாயு மிகவும் குளிர்ந்து சீரமைப்பானில் (அழுத்தத்தைக் குறைக்கும் வால்வில்) உறைந்துவிடும் என்பதால், இடையில் ஒரு சிறு சூடேற்றியை வைத்து 28 டிகிரிக்குக் கொண்டுவந்த பிறகே அடியறைக்கு அனுப்புங்கள். முதலில் காற்றிலும் கார்பன் டை ஆக்சைடிலும் 0.8 புள்ளியை மட்டும் அளந்து இங்கே போடுங்கள். மற்ற புள்ளிகளை அதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.